செர்மோரெலினும் இபாமோரெலினும் ஒன்றா?

இரண்டுமே வளர்ச்சி ஹார்மோன் அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி, அந்த ஹார்மோனை வெளியிட வைக்கும் பெப்டைடுகள், அதாவது சிறு புரதத் துண்டுகள். தூண்டும் வழிதான் வேறு. மூளை அனுப்பும் இயற்கைத் தூண்டியில் 44 அமினோ அமிலங்கள் உண்டு. அதன் முதல் 29தான் செர்மோரெலின். இபாமோரெலினில் ஐந்தே ஐந்து. அது பசி ஹார்மோனான கிரெலினுக்குரிய ஏற்பியில், அதாவது செல்லில் அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடத்தில், போய் ஒட்டும். ஒரே வீட்டுக்கு முன்வாசலும் கொல்லைவாசலும் மாதிரி. செர்மோரெலின் ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அந்த இயற்கைத் தூண்டியைச் சற்று மாற்றி உறுதியாக்கியது டெசாமோரெலின். அதற்கு 2010இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது, அதுவும் எச்.ஐ.வி. நோயாளிகளின் வயிற்றுக் கொழுப்பைக் குறைக்க மட்டும்.

அப்புறம், "நம் உடலே சுரப்பதுதானே, பக்கவிளைவு வராது" என்று ஜிம்மில் சொல்வது தவறு: ரத்தச் சர்க்கரை ஏறலாம், மூட்டு வலிக்கலாம், கை கால் வீங்கலாம்.