சுஜாதா, ராஜேஷ்குமார் முடிந்தது. அடுத்து எந்தத் துப்பறியும் எழுத்தாளரை வாசிக்கலாம்?

ராஜேஷ்குமாரை முடித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயிரத்து ஐந்நூறு நாவல்களுக்கு மேல் எழுதியவர் அவர். நீங்கள் முடித்திருக்க மாட்டீர்கள், சலித்திருப்பீர்கள். அவருடைய துப்பறிவாளர் விவேக் காரை விட்டு இறங்கும்போதே கொலைகாரன் யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது, விவேக்கின் மனைவி ரூபலாவின் கிண்டல்கூடப் பழகிவிட்டது. அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கேள்வியின் கடைசி வரிக்காக. "இலக்கியம் வாசிப்பவர்கள் மன்னிக்கவும்" என்று போட்டிருக்கிறீர்களே, எதற்கு மன்னிப்பு?

நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறேன். அப்பாவும் ஸ்டோர் வேலைதான், பாதி நாள் இரவில். கொழுந்து வாட பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அந்த நேரத்தில் எழுத்துத் தெரிந்த ஒருவர் தமிழ்வாணனை உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். அவருடைய துப்பறிவாளர் சங்கர்லால் எந்தச் சிக்கலையும் தேநீர் குடித்துக்கொண்டுதான் அவிழ்ப்பார். அந்த இடம் வரும்போதெல்லாம் "நம்ம ஸ்டோர் தூளா இருக்கும்டா" என்று யாராவது ஒருவர் சொல்லுவாராம். அப்பா பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். எழுத்துக்கூட்டி வாசிக்க அவர் பழகியது சங்கர்லாலுக்காக.

சில வருடங்களுக்கு முன் டவுனில் ஓர் இலக்கியக் கூட்டம். யார் யார் எதை வாசித்து வாசிப்புக்குள் வந்தீர்கள் என்று ஒரு சுற்றுக் கேட்டார்கள். எல்லோரும் கனமான பெயர்களாகச் சொன்னார்கள். நான் பட்டுக்கோட்டை பிரபாகர் என்றேன், அவருடைய துப்பறியும் ஜோடி பரத், சுசீலா என்றும் சேர்த்துச் சொன்னேன். சபையே சிரித்தது. மேடையில் இருந்த ஐயா ஒருவர் மைக்கிலேயே "தம்பி இன்னும் வளரணும்" என்றார். எனக்கு அப்போதே தலை நரைத்திருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த டீச்சர் அக்கா மட்டும் குனிந்து, "சுசீலா டீ சர்ட்டுல எழுதியிருக்கிறதெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். பாருங்கள், அவரும் வாசித்திருக்கிறார். தன் முறை வந்தபோது வேறு பெயரைச் சொன்னவர்தான் அவரும்.

உடனே யாராவது கீழே வந்து, மலையக இலக்கியத்தை மதிக்காதவன் என்று எழுதுவீர்கள். மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பை நானும் வாசித்திருக்கிறேன், என் வீட்டு அலுமாரியில் அவரும் பாக்கெட் நாவலும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. எல்லா பாக்கெட் நாவலும் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. பாதிக்கு மேல் அவசரத்தில் எழுதியவை.

சரி, கேள்விக்கு வருகிறேன். தமிழிலேயே தொடர வேண்டுமென்றால் சுபா. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள் சேர்ந்து எழுதுவது. ஈகிள்ஸ் ஐ என்ற துப்பறியும் நிறுவனம், அதில் நரேன், வைஜயந்தி. ராஜேஷ்குமாரிடம் அதிர்ச்சி அதிகம், சுபாவிடம் ஓட்டம் அதிகம். கோச்சியில் (ரயிலில்) கொழும்புக்குப் போகும்போது வாசிக்க அதுதான் சரி. இந்திரா சௌந்தர்ராஜன் வேறு வகை, சித்தர், சுவடி, கோயில் ரகசியம் என்று போவார். கொலைக்கு மனிதன்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு அது சரிவராது. எனக்குச் சரிவரவில்லை.

என் உண்மையான சிபாரிசு ஜோர்ஜ் சிமெனோன். பெல்ஜியத்தில் பிறந்தவர், பிரெஞ்சில் எழுதியவர். அவருடைய இன்ஸ்பெக்டர் மெக்ரே வருகிற நாவல்கள் மட்டும் 75. எல்லாவற்றையும் பெங்குவின் பதிப்பகம் புதிதாக ஆங்கிலத்தில் கொண்டுவந்திருக்கிறது. ஒல்லிப் புத்தகங்கள், சின்னச் சின்னச் சொற்கள், என் இங்கிலீஷுக்கே போதுமாக இருந்தது. மெக்ரே பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அலைவதில்லை. செத்தவர் இருந்த தெருவில் போய் உட்கார்ந்து குடிப்பார், அங்குள்ளவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த ஊர் பிடிபட்டதும் ஆளும் பிடிபடுவான்.

நம் ஆட்களிடம் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். தமிழ்நாட்டு க்ரைம் நாவலில் மலை என்றால் ஊட்டி, இல்லாவிட்டால் கொடைக்கானல். தேனிலவுக்கு வந்த ஜோடியில் ஒருவர் பள்ளத்தில் விழுவார். தேயிலை பின்னால் பச்சையாக நிற்கும், கொழுந்து பறிக்கிற பெண் சாட்சியாகக்கூட வரமாட்டார். தோட்டத்தில் ஓர் ஆளைக் காணவில்லையென்றால் முதலில் கவனிப்பது பக்கத்து நெரையில் (தேயிலைச் செடி வரிசையில்) நிற்கிறவர்தான். தோட்டத்தை நடத்துகிற துரை, கிளார்க், வேலை வாங்குகிற கங்காணி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம், இரவு முழுக்க ஓடுகிற ஸ்டோர், எல்லாம் இங்கே இருக்கிறது. 1941இல் ஸ்டெலன்பர்க் தோட்டத்தில் போப் துரை கொல்லப்பட்டு, இரண்டு தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டார்களே, அது வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த மாதிரி ஒரு வழக்கை மெக்ரே போல உள்ளே உட்கார்ந்து பார்க்கிற துப்பறிவாளர் யாரும் என் கண்ணில் படவில்லை.

சிமெனோனை நான் கொழும்பிலிருந்து தபாலில் வரவழைத்தேன். அது ஒரு தனிக் கதை. எங்கள் லயத்தில் வீட்டுக்கென்று முகவரி கிடையாது, தோட்டத்துப் பெயரைப் போட்டால் தபால் தோட்டத்து ஒபிசுக்குப் போகும். அங்கிருந்து கைக்கு வருவது அவர்கள் மனம் வைத்தால்தான். என் பார்சல் பிரிக்கப்பட்டு வந்தது. அது போகட்டும், புத்தகம்தானே. எங்கள் லயத்துப் பிள்ளை ஒன்றுக்கு வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்த பிறகு கிடைத்தது. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு வருடம் என்பதற்காக 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அத்தனை வருடத்துக்குப் பிறகும் கதவில் ஓர் இலக்கம் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்புறம் ஜப்பான்காரர் கெய்கோ ஹிகாஷினோ. அவருடைய 2005ஆம் ஆண்டு நாவலொன்றில் கொலை ஆரம்பத்திலேயே நம் கண்முன் நடந்துவிடும். பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் அதை எப்படி மறைத்தார் என்பதுதான் புதிர். ஆங்கிலத்தில் The Devotion of Suspect X என்று தேடினால் கிடைக்கும். விவேக்கை முந்திக்கொண்டு கண்டுபிடித்துப் பழகிய உங்களுக்கு இவர்தான் ஆள்.

அகதா கிறிஸ்டியை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். 66 துப்பறியும் நாவல்கள் இருக்கின்றன, 1926இல் வந்த ரோஜர் அக்ராய்ட் கொலை நாவலில் தொடங்குங்கள். அதைப் பற்றி இணையத்தில் எதையும் தேடிப் பார்க்காதீர்கள். கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டுகிற பழக்கம் இருந்தால் அந்தப் புத்தகத்தை வாங்கவே வேண்டாம், காசு வீண்.