சீமென்ஸ் பங்கு இரண்டாகிவிட்டது: எதை விற்பது, எதை வைப்பது?

கேள்வி: 2019-ல் சீமென்ஸ் லிமிடெட் பங்குகள் வாங்கினேன். இப்போது டீமேட் கணக்கில் சீமென்ஸ், சீமென்ஸ் எனர்ஜி இந்தியா என்று இரண்டு இருக்கின்றன. பழைய பங்கின் விலை பாதியாகத் தெரிகிறது. எனக்கு வயது 63. சேமிப்பில் பாதிக்கு மேல் இதில்தான் உள்ளது. ஒன்றை விற்றுவிடலாமா? - வாசகர், திருச்சி

பதில்: பதற வேண்டாம் ஐயா, உங்கள் பணம் எங்கும் போகவில்லை. 2025 ஏப்ரல் 7-ஐ பதிவுத் தேதியாக (அன்று பங்கு வைத்திருந்தவர்களுக்கே புதிய பங்கு) வைத்து, சீமென்ஸ் லிமிடெட் தன் எரிசக்தித் தொழிலைத் தனி நிறுவனமாகப் பிரித்தது. ஒரு பங்குக்கு ஒரு புதிய பங்கு. பாகப்பிரிவினை மாதிரிதான்: சொத்து குறையவில்லை, பத்திரம் இரண்டாகியிருக்கிறது. புதிய பங்கு ஜூன் 19-ல் சந்தையில் பட்டியலானது. உங்கள் கணக்கைப் பார்க்கும்போது இரண்டின் மதிப்பையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

பெயர் ஒன்று, தொழில் வேறு. பழைய நிறுவனத்தில் தொழிற்சாலைத் தானியக்கம், கட்டட மின்சாதனங்கள், ரயில் ஆகியவை இருக்கின்றன. குஜராத்தின் தாஹோடில் ரயில்வேக்காக 9,000 குதிரைத்திறன் மின் இன்ஜின்கள் 1,200 செய்துதரும் பெரிய ஆர்டர் 2023-ல் இவர்களுக்குத்தான் கிடைத்தது. புதியது டிரான்ஸ்ஃபார்மர், டர்பைன், மின்கடத்தல் சார்ந்தது. சூரிய மின்சாரமும் காற்றாலையும் பெருகப் பெருக மின்கட்டமைப்பை விரிவாக்கியே ஆக வேண்டும் என்பதால் இதற்கு இப்போது மவுசு அதிகம்.

ஆனால் மவுசை மட்டும் நம்பக் கூடாது. ஜெர்மனியில் 1847-ல் தந்திக் கருவி செய்யத் தொடங்கிய தாய் நிறுவனமான சீமென்ஸும் 2020-ல் இதேபோல எரிசக்தியைப் பிரித்துவிட்டது. அந்தச் சீமென்ஸ் எனர்ஜியின் காற்றாலைப் பிரிவான கமேசாவில், தரையில் நிறுவும் டர்பைன்களின் தரக் கோளாறு வெளியானபோது, 2023 ஜூன் 23 அன்று ஒரே நாளில் பங்கு விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அந்த ஆண்டு இறுதியில் ஜெர்மன் அரசே 750 கோடி யூரோவுக்கு உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. பிறகு பங்கு பல மடங்கு மீண்டு ஏறியது உண்மை. ஆனால் ஓய்வுக்காலப் பணத்தை வைத்துக்கொண்டு அந்தச் சரிவை எத்தனை பேரால் தாங்க முடியும்? (உங்களிடம் உள்ள இந்திய நிறுவனத்தில் கமேசா தொழில் சேரவில்லை.)

அதனால் எதை விற்பது என்பதைவிட, எவ்வளவு வைப்பது என்பதே எனக்குக் கவலை. இரண்டுமே அரசுச் செலவையும் பெரிய ஆர்டர்களையும் நம்பிய தொழில்கள். ஒன்று தளர்ந்தால் மற்றொன்று தாங்கும் என்று சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து சேமிப்பில் பத்து சதவீதத்துக்குள் வரும்வரை, இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அந்தப் பணம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், வங்கி டெபாசிட், குறியீட்டு ஃபண்ட் (சந்தைக் குறியீட்டில் உள்ள எல்லாப் பங்குகளிலும் முதலிடும் ஃபண்ட்) என்று பிரிந்து போகட்டும்.

அப்புறம் வரி. பிரிவினைக்கு வரி கிடையாது. புதிய பங்கை வைத்திருந்த காலமும் 2019-லிருந்தே கணக்காகும். ஆகவே லாபம் நீண்டகால மூலதன ஆதாயம்தான். இப்போதைய விதிப்படி ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். எனவே மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று விற்றால் இரண்டு ஆண்டுகளின் விலக்கும் கிடைக்கும். புதிய பங்கின் அடக்க விலையை (லாபம் கணக்கிட எடுக்கும் வாங்கிய விலை) பூஜ்யம் என்று போட்டுவிடாதீர்கள். நீங்கள் 2019-ல் கொடுத்த விலையை இரண்டுக்கும் எந்த விகிதத்தில் பிரிப்பது என்று நிறுவனம் பங்குதாரர்களுக்கு அறிவித்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஆடிட்டரைப் பார்த்த பிறகு முதல் விற்பனையைச் செய்யுங்கள்.