பின்பக்கம் 2 அங்குலம் உயர்த்திய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், காலி வண்டியில் தூக்கிப்போடுகிறது

ஷாக் அப்சார்பரை இரண்டு தடவை மாற்றியும் குலுக்கல் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது தடவை மாற்றாதீர்கள், கோளாறு லீஃப் ஸ்பிரிங்கில்தான், அதாவது பின்சக்கர அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் அடுக்குத் தகடுகளில்தான், இருக்கும். உயர்த்தும்போது கூடுதலாக ஒரு தகடு சேர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது எப்போதும் பாரம் ஏற்றும் வண்டிக்கானது. காலியாக ஓடும்போது ஸ்பிரிங் வளையவே வளையாது, சிங்கப்பூர் பிஐஇ விரைவுச்சாலை மேம்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் அடி நேராக உங்கள் முதுகுக்கு வந்துவிடும்.

முதலில் டயர் காற்றைக் கதவுத் தூண் ஸ்டிக்கரில் காலி வண்டிக்குப் போட்டிருக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் 25 கிலோ அரிசி மூட்டை ஆறு, அதாவது 150 கிலோ, பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே வைத்துக் கட்டி அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். குலுக்கல் நன்றாகக் குறைந்தால் ஸ்பிரிங் உங்கள் பாரத்துக்கு மிகக் கடினம், அந்தத் தகடு வெளியே வரவேண்டும். குறையவில்லையென்றால் ஸ்பிரிங்கின் பின்முனையை வண்டிச் சட்டத்தோடு இணைத்து ஆடும் ஷேக்கிள் என்ற இணைப்பைப் பாருங்கள், சட்டத்தில் இடித்த பளபளப்பான தேய்மானம் தெரிந்தால் அது அசைய இடமில்லாமல் நிற்கிறது.

பட்டறையில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ஸ்பிரிங் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே இறுகிவிடும், சவாரியும் கெடும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங்கை அச்சோடு பிடித்துக் கட்டும் யூ-போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள்.

வாரநாட்களில் முழு பாரம் ஏற்றுகிறீர்களென்றால் தகட்டைக் கழற்றாதீர்கள், பின்பக்கம் அமர்ந்துவிடும். உயரத்தை மாற்றுவதற்கு முன் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) விதியையும் காப்புறுதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.