−79-இல் டப்லெட் வருகிறது, ஆல்டிஹைடு குறையவில்லை

ரூப்பர்ட்–பிரகாஷ் ரீஏஜென்ட் (TMSCF₃, டிரைஃப்ளூரோமெத்தில் தரும் வினைபொருள்) கொண்டு ஆல்டிஹைடை ஆல்கஹாலாக மாற்றப் பார்த்தீர்கள்; ஃப்ளூரின் என்எம்ஆர் நிறமாலையில் −79 பிபிஎம்மில் டப்லெட் (இரட்டைக் கோடு) வருகிறது, ஆல்டிஹைடு குறையவில்லை என்கிறீர்கள். அந்த டப்லெட் உங்கள் ஆல்கஹால் இல்லை, ஃப்ளூரோஃபார்ம் (CHF₃). ரீஏஜென்டிலிருந்து வந்த டிரைஃப்ளூரோமெத்தில், ஆல்டிஹைடின் கார்பனைலைத் (C=O) தொடுவதற்கு முன்பே புரோட்டானைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

பெரும்பாலும் வினையைத் தொடங்கப் போடும் ஃப்ளூரைடு உப்பான டிபிஏஎஃப்தான் (TBAF) காரணம். டிஎச்எஃப் (THF) கரைப்பானில் கரைசலாக வாங்குவதில் தண்ணீர் கணிசமாக இருக்கும்; புரோட்டான் அதிலிருந்து வருகிறது. நீங்கள் அதை 20 மோல் சதவீதம் போட்டிருக்கிறீர்கள், அது அதிகம்.

ஃப்ளூரின் என்எம்ஆரைத் திரும்ப எடுத்து அந்த டப்லெட்டின் இடைவெளியை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 79 ஹெர்ட்ஸ் என்றால் ஃப்ளூரோஃபார்ம். 6–7 ஹெர்ட்ஸ் என்றால் விளைபொருள் உருவாகியிருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுவதால் பிபிஎம்மை மட்டும் நம்பவே கூடாது.

பிறகு, டிபிஏஎஃப்-க்குப் பதிலாக வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்திய சீசியம் ஃப்ளூரைடு சிறிதளவு போட்டு, உலர்ந்த டிஎச்எஃப்-இல் சின்ன அளவில் செய்து பாருங்கள்.

ஆனால் ஆல்டிஹைடில் ஆல்ஃபா ஹைட்ரஜன் (கார்பனைலுக்கு அடுத்த கார்பனில் உள்ள ஹைட்ரஜன்) இருந்தால், அதுவும் புரோட்டானாகப் பிடுங்கப்படலாம் என்பதால், எவ்வளவு உலர்த்தினாலும் கொஞ்சம் ஃப்ளூரோஃபார்ம் வரலாம்.