என்விடிஏ-வுக்கு எதற்குக் காசு? பார்வையற்றோர் கணினி: கேள்வி-பதில்

கேள்வி: கல்லூரியில் சேரும் என் தம்பிக்குப் பார்வை இல்லை. லேப்டாப் விலையோடு 'தமிழ் பேசும் சாஃப்ட்வேர் லைசென்ஸ்' என்று தனியாக 6,500 ரூபாய் கேட்கிறார் கடைக்காரர். பெயரைக் கேட்டால் என்விடிஏ என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: லைசென்ஸ் என்ற பெயரில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். என்விடிஏ-வுக்கு லைசென்ஸ் கட்டணமே இல்லை. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் எழுதத் தொடங்கிய திறந்த மூல ஸ்கிரீன் ரீடர் அது. அதாவது, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும், நிரல் யாருக்கும் திறந்திருக்கும் சாஃப்ட்வேர். என்வி ஆக்சஸ் அமைப்பின் தளத்திலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். தளத்தில் நன்கொடை கேட்பார்கள், ஆனால் கட்டாயமில்லை.

என்விடிஏ வெளியாகும் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின்படி பிரதி எடுத்துத் தரவும், நிறுவித் தரவும் ஒருவர் கூலி வாங்கலாம். அதனால் கடைக்காரர் காசு கேட்பதே குற்றம் என்று சண்டைக்குப் போக முடியாது. பில்லில் 'நிறுவும் கூலி' என்று எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதச் சொன்னதும் தொகை தானாக இறங்கும். பத்து நிமிட வேலை அது. பார்வையுள்ளவர் துணைகூட வேண்டாம்: விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸோடு வரும் நரேட்டர் பேசும். அதைக் கேட்டுக்கொண்டே தம்பியே நிறுவிக்கொள்ளலாம். முடிந்ததும் அதே மூன்று கீயால் நரேட்டரை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு குரலும் ஒரே நேரத்தில் பேசி ஒன்றும் புரியாது.

இன்னொரு இடத்திலும் ஏமாறுகிறார்கள். ஜாஸ் என்பது விலைக்கு விற்கும் ஸ்கிரீன் ரீடர். லைசென்ஸ் இல்லாமல் போட்டாலும் 40 நிமிடம் ஓடும், பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்தால்தான் மறுபடி பேசும். கடையில் அரை மணி நேரம் அழகாகப் பேசிக் காட்டிய மெஷின் வீட்டுக்கு வந்ததும் ஊமையானால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

கேள்வி: வாங்கும் முன் கடையிலேயே லேப்டாப்பைச் சோதிக்க முடியுமா?

பதில்: முடியும், கட்டாயம் செய்ய வேண்டும். என்விடிஏ உள்ள ஏதாவது ஒரு கணினியில் என்விடிஏ கீயோடு 'என்' எழுத்தை அழுத்தி மெனுவைத் திறந்து, டூல்ஸ் பகுதியில் 'கிரியேட் போர்ட்டபிள் காப்பி' கொடுத்துப் பென் டிரைவைக் காட்டுங்கள். (என்விடிஏ கீ என்பது வழக்கமாக இன்சர்ட்.) அந்தப் பென் டிரைவைக் கடை லேப்டாப்பில் செருகி ஓட்டினால், எதையும் நிறுவாமலே பேசும். லாகின் திரையையும், அட்மின் அனுமதி கேட்கும் பெட்டியையும் மட்டும் போர்ட்டபிள் பிரதி படிக்காது. அது பழுதல்ல, அதன் இயல்பு.

பென் டிரைவிலிருந்து திறக்கவே விடாமல் 'ஸ்டோர் ஆப் மட்டும்' என்று செய்தி வந்தால், மெஷின் விண்டோஸ் எஸ் மோடில் இருக்கிறது. அதிலிருந்து வெளியே வருவது இலவசம். ஆனால் மறுபடி உள்ளே போக முடியாது. கடைக்காரரையே மாற்றித் தரச் சொல்லுங்கள். குரோம்புக் வேண்டவே வேண்டாம், விண்டோஸுக்கான என்விடிஏ அதில் ஓடாது.

அடுத்து கீபோர்டு. பல சின்ன லேப்டாப்களில் இன்சர்ட் தனிக் கீயாக இருக்காது, எஃப்என் கீயோடு சேர்த்து அழுத்த வேண்டும். நாளெல்லாம் அப்படி அழுத்தினால் விரல் நோகும். கேப்ஸ் லாக்கை என்விடிஏ கீயாக மாற்றிக்கொள்ளலாம். தனி நம்பர் பேட் உள்ள மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். என்விடிஏ-வின் டெஸ்க்டாப் லேஅவுட் என்ற கீ அமைப்பில் திரையை வரிவரியாக, எழுத்தெழுத்தாக உலவும் கட்டளைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

பிறகு காது. ஹெட்போனைச் செருகி, ஒரு நிமிடம் எதையும் தொடாமல் இருந்துவிட்டு ஒரு கீயை அழுத்துங்கள். 'வணக்கம்' என்பது 'ணக்கம்' என்று வந்தால், ஒலிக் கருவி தூங்கிப்போய் எழுந்திருக்கத் தாமதிக்கிறது என்று பொருள். புளூடூத் ஹெட்போன்களில் இது சகஜம். என்விடிஏ ஆடியோ செட்டிங்கில், பேசி முடித்த பிறகும் ஒலிக் கருவியை எத்தனை நொடி விழிப்பாக வைக்க வேண்டும் என்று கேட்கும் இடம் உண்டு. அதைக் கூட்டிப் பாருங்கள். சரியாகாவிட்டால் ஒயர் ஹெட்போன்தான் வழி. எனவே ஹெட்போன் துளை இல்லாத மாடல் வேண்டாம்.

மற்றபடி என்விடிஏ பெரிய தீனி கேட்காது. ஆனால் விண்டோஸ் கேட்கும். 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டி-யும் இருக்கட்டும். திரை அழகுக்கும் கிராஃபிக்ஸுக்கும் போகும் பணத்தை இங்கே போடலாம்.

கேள்வி: என்விடிஏ-வோடு வரும் ஈஸ்பீக் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. நல்ல தமிழ்க் குரல் காசு கொடுத்தாவது கிடைக்குமா?

பதில்: காசு வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'வள்ளுவர்' என்ற ஆண் குரல் உண்டு. செட்டிங்ஸில் மொழிகள் பகுதிக்குப் போய், தமிழ் (இந்தியா) சேர்த்து, டெக்ஸ்ட் டு ஸ்பீச் என்ற பெட்டியையும் தேர்ந்தெடுத்து இறக்குங்கள். பிறகு என்விடிஏ கீ, கன்ட்ரோல், எஸ் அழுத்தி 'விண்டோஸ் ஒன்கோர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, என்விடிஏ கீ, கன்ட்ரோல், வி அழுத்தினால் குரல் பட்டியலில் வள்ளுவர் இருப்பார். அந்தக் குரல் மைக்ரோசாஃப்டின் சொத்து, திறந்த மூலம் அல்ல.

ஆனாலும் ஈஸ்பீக்கை அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். 1995-இல் ஜொனாதன் டடிங்டன் ஏகார்ன் கணினிகளுக்காக எழுதிய நிரலிலிருந்து வளர்ந்தது அது. இன்றைய ஈஸ்பீக் என்ஜி அதன் வாரிசு. ஒலிப்பதிவு செய்த மனிதக் குரலை அது ஒட்டுவதில்லை, ஒலியைக் கணக்குப் போட்டே உண்டாக்குகிறது. தகர ஓசைக்குக் காரணம் அதுதான். கீயை அழுத்திய கணமே பேசுவதற்கும், வேகத்தை மிகவும் கூட்டினாலும் உச்சரிப்பு குழையாததற்கும் காரணமும் அதுவே. டைப் அடிக்கும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் கால் நொடி காத்திருந்து பாருங்கள், அருமை தெரியும். சென்னை ஐஐடி, ஏஐ4பாரத் போன்றவர்கள் உருவாக்கிய தமிழ்க் குரல்கள் கேட்க இனிமையாக இருக்கும். பாடப்புத்தகத்தை ஆடியோவாக மாற்ற நல்லவை. மெனுவில் கீழே கீழே போகிறவருக்கு வேகம்தான் முக்கியம்.

இரண்டு வாரம் ஈஸ்பீக்கோடு பழகுங்கள். குரல் செட்டிங்கில் வேறு வேரியன்ட்களும் உண்டு. கன்ட்ரோல், என்விடிஏ கீயோடு அம்புக்குறிகளை அழுத்தி வேகத்தையும் சுருதியையும் போகிற போக்கில் மாற்றலாம்.

கேள்வி: இணையத்தில் தமிழ் நன்றாகப் படிக்கிறது. அலுவலகத்திலிருந்து வரும் வேர்டு கோப்பை மட்டும் கன்னாபின்னா என்று படிக்கிறது. வேறு சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

பதில்: எதை வாங்கினாலும் இதே கதைதான். குற்றம் குரலில் இல்லை, கோப்பில் இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போட்டிருக்கிறது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். என்விடிஏ அதைத்தான் படிக்கிறது. நடுவில் உள்ள அரைப்புள்ளிதான் 'ம்' மேலுள்ள புள்ளி. நிறுத்தற்குறிகளை எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற என்விடிஏ செட்டிங் குறைவாக இருந்தால் அதையும் சொல்லாமல் விழுங்கிவிடும்.

சந்தேகம் வந்தால் அந்த வரியில் நின்று என்விடிஏ கீயோடு எஃப் அழுத்துங்கள், எழுத்துருவின் பெயரைச் சொல்லும். பாமினி என்றோ வானவில் என்றோ வந்தால், வரிகளை நகலெடுத்து, யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை) மாற்றியில் போட வேண்டும். நிரல் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ஓப்பன் தமிழ் என்ற திறந்த மூல பைத்தான் தொகுப்பிலேயே இதற்கான மாற்றிகள் இருக்கின்றன. மூல எழுத்துருவைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் குப்பை வேறு குப்பையாக மாறும். முதலில் ஒரே ஒரு பத்தியை மாற்றிப் பாருங்கள்.

பிடிஎஃப் என்றால் சிரமம் அதிகம், நகலெடுக்கும்போதே எழுத்துகள் இடம் மாறிவிடும். மூல வேர்டு கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் செய்த பக்கமானால் டெசராக்ட் என்ற திறந்த மூல ஓசிஆரை (படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் நிரல்) தமிழ்த் தரவோடு நிறுவி, 300 டிபிஐ-க்குக் குறையாத படத்தைக் கொடுங்கள். என்விடிஏ கீயோடு ஆர் அழுத்தினால் வரும் விண்டோஸ் ஓசிஆரில் தமிழ் இல்லை, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கோப்பு தமிழக அரசு அலுவலகத்திலிருந்து வந்ததானால், யூனிகோடைத் தரமாக ஏற்று அரசு 2010-லேயே ஆணை பிறப்பித்துவிட்டதைக் கடிதத்தில் குறிப்பிட்டு யூனிகோடு பிரதியே கேளுங்கள். அதே ஆணையில் உள்ள டேஸ்16 என்ற வேறு தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையில் அனுப்பினாலும் உங்களுக்குப் பயன்படாது. 'யூனிகோடு' என்று தெளிவாக எழுதுங்கள்.

கேள்வி: பேசிக்கொண்டே இருந்த என்விடிஏ திடீரென்று நின்றுவிட்டது. சர்வீஸுக்குக் கொடுக்கவா?

பதில்: முதலில் என்விடிஏ கீயோடு எஸ் அழுத்திப் பாருங்கள். சேமிக்க கன்ட்ரோல், எஸ் அழுத்தப் போய் விரல் தவறி இதை அழுத்தியிருப்பீர்கள். அது பேச்சு முறையை மாற்றும் கீ. மறுபடி பேசும் வரை ஒவ்வொரு முறையாக அழுத்துங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் அழுத்தி என்விடிஏ-வைப் புதிதாகத் தொடங்குங்கள். அதன் பிறகும் மௌனம் என்றால் ஹெட்போனைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள்.