கல்லூரி வளாகத்தில் பள்ளிப் பிள்ளைகள் முகாம்: ஏதாவது நடந்துவிட்டால் யாரிடம் சொல்வது, எப்படி எழுதுவது?

கோடை விடுமுறை அறிவியல் முகாம், விளையாட்டுப் பயிற்சி, ‘நான் முதல்வன்’ கல்லூரிக் களப்பயணம், நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஆகியவை பற்றி வந்த கேள்விகளும், வளாகப் பாதுகாப்பு நடைமுறை அறிந்த ஒருவரின் பதில்களும்.

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர், திருச்சி): கிரிக்கெட் பயிற்சியில் 12 வயதுப் பையன் விழுந்து தலையில் அடிபட்டது. ஒரு நிமிடத்தில் எழுந்து, “ஒண்ணுமில்ல சார்” என்கிறான். தொடர்ந்து விளையாட விடலாமா?

பதில்: விடக்கூடாது. அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியிருந்தால், ஒரு முறைக்கு மேல் வாந்தி எடுத்தால், பேச்சு குழறினால், தூக்கமாகவே இருந்தால், தலைவலி கூடிக்கொண்டே போனால், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வந்தால் 108-ஐ அழையுங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள்.

மூன்று பேர் வேண்டும். ஒருவர் பையனை விட்டு நகரக்கூடாது. ஒருவர் போன் செய்ய வேண்டும். மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டும். பெரிய வளாகங்களில் ஆம்புலன்ஸ் ஒரு வாசலில் வந்து நிற்கும், ஆட்கள் இன்னொரு வாசலில் காத்திருப்பார்கள். எந்த வாசல் என்பதை முகாம் தொடங்கும் முன்பே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

பெற்றோரிடம் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். தலைக்காயத்தின் அறிகுறி ராத்திரி வீட்டில்கூடத் தெரியவரலாம். அடிபட்ட செய்தியே தெரியாவிட்டால், தூங்குகிறான் என்று அம்மா விட்டுவிடுவார்.

கேள்வி (தன்னார்வலராக இருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி, மதுரை): மேடம், முகாமுக்கு வந்த 14 வயதுப் பெண் ஒரு பயிற்சியாளர் தன்னைத் தவறாகத் தொட்டதாகச் சொல்லி அழுதாள். “அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்கிறாள். நான் என்ன செய்ய?

பதில்: யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. மீறினால் அவளுக்கு இரண்டாவது அடி. “நீ என்கிட்ட சொன்னது நல்லது. உன் மேல தப்பில்ல. உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்” என்று சொல்லுங்கள்.

அவள் சொல்வதைக் கேளுங்கள், துருவாதீர்கள். “அவர் இங்கே தொட்டாரா?” என்று நீங்களே விடையை வாயில் வைத்துக் கேட்டால், சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தார்கள் என்று பின்னால் வழக்கில் வாதிட இடம் கிடைக்கும். நீங்கள் ஒரு முறை, ஒருங்கிணைப்பாளர் ஒரு முறை, துறைத்தலைவர் ஒரு முறை என்று அவளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கவும் கூடாது.

அன்றே எழுதிவிடுங்கள். அவள் பேச்சுவழக்கில் சொன்னதை அப்படியே எழுதுங்கள். ‘பாலியல் அத்துமீறல்’ என்று உங்கள் சொல்லில் மாற்றினால் அவள் உண்மையில் சொன்னது தொலைந்துவிடும்.

அந்தப் பயிற்சியாளரிடம் பிள்ளைகள் யாரும் அந்த மணி நேரம் முதலே இருக்கக்கூடாது. அவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் வேண்டாம். கேட்ட மறுநிமிடம் போனில் இருப்பதை அழிப்பார்.

நடந்து மூன்று நாளுக்குள் என்றால் மருத்துவப் பரிசோதனையைத் தள்ளாதீர்கள். முடிந்தால் அதற்கு முன் குளிக்கவோ உடை மாற்றவோ வேண்டாம். மாற்றிவிட்டிருந்தால் துணியைக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். எஃப்.ஐ.ஆர். பதிவாகாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம் என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும்; பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும்.

பிறகு காவல் நிலையம். ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லியாயிற்று என்பதால் உங்கள் கடமை தீராது. 19-ஆம் பிரிவுப்படி உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் போயாக வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098 உதவிக்கு நல்ல எண்; அதில் பேசினாலும் காவல் துறைக்குத் தகவல் போனதை உறுதி செய்யுங்கள். நீங்கள் சொன்னதை அவர்கள் எழுதி, பதிவு எண் கொடுத்து, உங்களுக்குப் படித்துக்காட்ட வேண்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (புல முதல்வர், தனியார் பல்கலைக்கழகம்): இப்படி ஒரு புகார் வந்தால், முதலில் எங்கள் உள்ளகப் புகார்க் குழு (பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் கல்லூரிக் குழு) விசாரித்து, உண்மை என்று தெரிந்த பிறகு காவல் துறைக்குப் போவதுதானே முறை? பெற்றோரும் வேண்டாம் என்கிறார்கள்.

பதில்: இல்லை ஐயா. 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் அந்த வரிசையே தவறு. உண்மையா என்று கண்டுபிடிப்பது காவல் துறையின் வேலை. நடந்திருக்கிறது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ தெரிவிப்பது உங்கள் வேலை. பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அவர்களின் பயம் நியாயமானது. அதனால், குழந்தையின் பெயர் வெளிவராது, வாக்குமூலம் வீட்டிலேயே வாங்கலாம், விசாரிக்கும் அதிகாரி சீருடையில் வரக்கூடாது, ராத்திரியில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக்கூடாது என்பதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

தெரிவிக்காமல் இருந்தால் யாராக இருந்தாலும் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். மாணவியர் விடுதியில் நடந்ததைத் தெரிவிக்காத மருத்துவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் அந்த உத்தரவை ரத்து செய்தது. தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்றும் சொன்னது.

உள்ளே செய்ய வேண்டியதும் உண்டு: அந்த ஆளைப் பணியிலிருந்து விலக்குவது, அறையைப் பூட்டுவது, சி.சி.டி.வி. பதிவை எடுத்து வைப்பது.

கேள்வி: முதலாம் ஆண்டு மாணவி, வயது 17. கல்லூரி மாணவி ஆயிற்றே, அவளுக்கும் போக்சோதானா?

பதில்: ஆம், பிறந்த தேதிதான் கணக்கு. நாட்டு நலப்பணித் திட்டத்தின் 7 நாள் சிறப்பு முகாமுக்குப் போகும்போது 18 நிரம்பாதவர்களின் பட்டியலைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 18 நிரம்பியவர் என்றால் உள்ளகப் புகார்க் குழு: 3 மாதத்துக்குள் புகார், 90 நாளுக்குள் விசாரணை. கூடவே காவல் துறைக்குப் போவது அவர் விருப்பம்.

கேள்வி (முகாம் அலுவலர், சேலம்): அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் தனித்தனியாக இருக்க வேண்டும். பெரும்பாலான அறிக்கைகள் கெடுவது இங்கேதான். “மாணவன் கவனக்குறைவால் ஆசிட்டைக் கொட்டிக்கொண்டான்” என்பது தீர்ப்பு. “காலை 11.20, வேதியியல் ஆய்வகம், 3-ஆம் மேசை. பாட்டில் சாய்ந்து வலது முன்கையில் பட்டது. கண்ணாடி அணிந்திருந்தான், கையுறை இல்லை. 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவினோம். 11.25-க்கு அப்பாவிடம் பேசியது உதவியாளர்” என்பது அறிக்கை.

எழுதியவர் பெயர், எழுதிய நேரம், கையெழுத்து வேண்டும். தவறினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துச் சுருக்கொப்பம் இடுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள். சி.சி.டி.வி. பெட்டி நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும். அன்றே நகல் எடுத்து, எடுத்தவர் யார், எப்போது என்று குறியுங்கள். பிள்ளையின் பெயரும் படமும் முகாம் வாட்ஸ்அப் குழுவில் போகவே கூடாது. போக்சோ விஷயம் என்றால் அது குற்றமும்கூட.

கேள்வி: ஆற்றில் குளிக்கும்போது ஒருவன் வழுக்கினான், பிடித்துவிட்டோம். அடி இல்லை. இதையும் எழுதணுமா?

பதில்: கட்டாயம். என்ன நடந்தது, எங்கே, என்ன ஆகியிருக்கும், எதை மாற்றினோம் என நான்கு வரி போதும். ஒரே படித்துறை இரண்டாம் முறை பதிவேட்டில் வந்தால் அங்கே இறங்குவதை நிறுத்திவிடுங்கள். 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றில் இறங்கி நின்ற ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர், மேலே லார்ஜி அணையில் திறந்துவிட்ட நீர் அடித்துப் போய் இறந்தார்கள். காவிரி, பவானி, தாமிரபரணி எதுவானாலும் மேலே அணை இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மூழ்குபவரைப் பிடிக்கக் குதிக்காதீர்கள். கயிறோ மூடிய காலிக் கேனோ வீசுங்கள். வெளியே எடுத்த பின் மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயலவே வேண்டாம். நேரம் போய்விடும், வாந்தி மூச்சுக்குழலில் ஏறும். முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு, பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு, 108 வரும்வரை.

கேள்வி: பாலியல் புகாரைக் காவல் துறைக்குத் தெரிவித்த பிறகு அது உண்மையில்லை என்று ஆனால் என் மேல் வழக்கு வருமா?

பதில்: நல்லெண்ணத்தோடு சொன்னவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவே காக்கிறது. வேண்டுமென்றே அவமானப்படுத்தவோ பணம் பறிக்கவோ பொய் சொன்னால்தான் தண்டனை. அதுவும் பிள்ளைக்குக் கிடையாது.

கேள்வி: முகாம் மலைப்பகுதியில், பிள்ளை வேறு மாவட்டம். “எங்க லிமிட் இல்ல” என்று நிலையத்தில் திருப்பி அனுப்பினால்?

பதில்: 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். எந்த எல்லையில் நடந்தாலும் அங்கேயே பதிந்துவிட்டு அவர்கள்தான் மாற்றி அனுப்ப வேண்டும். மறுத்தால் அதே தகவலை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அன்றே அனுப்பி, ரசீதை அறிக்கையோடு சேர்த்து வையுங்கள்.