ஊரைக் காட்டுகிற வேலை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எலத்தகிரி பக்கம். எட்டு வயதிலிருந்து கோயில் பாடற்குழுவில் பாடியவள். மேற்கத்திய குரலிசை படிக்க ஆறு வருஷத்துக்கு முன்னால் வியன்னா வந்தேன். மூன்று ஏக்கர் மாந்தோப்பை அடமானம் வைத்துத்தான் அப்பா அனுப்பினார். படிப்பு முடிந்தது. அதன் பிறகு பதினொரு குரல் தேர்வுகளுக்குப் போனேன். ஒன்றில் மட்டும் இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டார்கள்.

வாடகைக்காக முதலில் மொசார்ட் வேஷம் போட்டுத் தெருவில் கச்சேரி டிக்கெட் விற்றேன். அப்புறம் சுற்றுலா வழிகாட்டி வேலை. இங்கே அதற்கு முறையான தேர்வு உண்டு, போன வருஷம் தேறினேன். தினமும் இரண்டு குழுக்களை நடத்திக் கூட்டிப்போகிறேன். ஞாயிறு காலை ஒரு தேவாலயத்தில் பாடுகிறேன், அவ்வளவுதான்.

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. அப்பாவிடம் சொல்லவில்லை. கச்சேரி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்கிறேன். நான் சங்கீதத்தை விட்டுவிட்டேனா? ஊருக்குத் திரும்பிவிடட்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மகளுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதினொரு தேர்வுக்குப் போய் நின்றவளுக்கு முதலில் என் வணக்கம்.

ஒகேனக்கல்லில் எனக்குத் தெரிந்த பரிசல்காரர் ஒருவர் இருந்தார். பென்னாகரம் பக்கத்துக்காரர். கோடையில் ஊர் ஊராகப் பாரதக் கூத்து நடக்கும்போது அவர் ஆர்மோனியப் பெட்டியோடு போய்விடுவார். கூத்து இல்லாத மாதங்களில் துடுப்பு. ஒருமுறை பரிசலில் போகும்போது, ஒரு பாட்டுப் பாடுங்கள் என்று கேட்டேன். "தண்ணியில இருக்கிறப்ப தண்ணியத்தான் பாக்கணும் சார். பாட்டு ராத்திரிக்கு" என்றார். சொல்லிவிட்டு, எந்தப் பாறைக்கு அடியில் சுழல் இருக்கிறது, எந்த மடுவில் மீன் படுக்கும் என்று காட்டிக்கொண்டே வந்தார். பரிசல் தள்ளுகிறவன் என்று அவரைக் கூத்துக்காரர்கள் யாரும் குறைத்துப் பேசிக் கேட்டதில்லை. இரண்டையும் அவர் முழுசாகச் செய்தார். வேலை பிடித்திருப்பதில் தப்பு இல்லை என்று நான் நம்புவது அவரைப் பார்த்துத்தான்.

உங்களுக்கு ஆறுதல் சொல்ல எங்கள் தகடூரிலேயே, அதாவது இன்றைய தருமபுரியிலேயே, ஒரு பாட்டு உண்டு. பரிசில் தரத் தாமதித்த அதியமானின் வாசலில் நின்று அவ்வை கோபப்பட்ட புறநானூற்றுப் பாட்டு. யாழை எடுத்தாயிற்று, மூட்டையைக் கட்டியாயிற்று, எந்தத் திசைக்குப் போனாலும் அந்தத் திசையில் சோறு உண்டு என்கிறார். ஆனால் அதை உங்களுக்குப் பொருத்த எனக்கு மனசு வரவில்லை. அவ்வை பேசுவது பாட்டால் வரும் சோறு. உங்களுக்கு இப்போது சோறு வருவது வேறு வழியில்.

உங்கள் கதைக்குக் கிட்டத்தில் வருவது ஆற்றுப்படை என்கிற பாட்டு வகை. ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகத் திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் செங்கத்தைத் தாண்டியிருப்பீர்கள். அந்தச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பற்றிய சங்கப் பாட்டுதான் மலைபடுகடாம். வாத்தியங்களைச் சுமந்து போகிற கூத்தர்களுக்கு இன்னொரு கூத்தன் வழி சொல்கிறான். எங்கே வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், எந்த ஊரில் என்ன சாப்பாடு தருவார்கள் என்று ஒன்று விடாமல் சொல்கிறான். 583 அடிகள். வாத்தியத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அதே வழியில் நடந்தவன் என்பதால் அவனுக்கு அந்த வழி தெரியும். நம் மொழியில் வழிகாட்டியும் கலைஞனும் ஒரே ஆளாக இருந்திருக்கிறார்கள், அதற்கென்றே ஓர் இலக்கிய வகையும் இருக்கிறது. வியன்னாவில் எத்தனையோ வழிகாட்டிகள் இருப்பார்கள். அங்கே பாட வந்து, வாடகைக்குத் திண்டாடி, பத்து இடத்தில் இல்லை என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

இசையமைப்பாளர் ஹைடனின் வீட்டுக்கு முன்னால் நின்று நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். மிகேலர் சதுக்கத்து மாடியறையைச் சொல்கிறேன். ரோராவ் என்ற கிராமத்தில் வண்டிச் சக்கரம் செய்கிற ஆசாரியின் மகன், 1732இல் பிறந்தவர். எட்டு வயதில் புனித ஸ்டீபன் பேராலயத்துப் பாடற்குழுவுக்குக் கொண்டுவந்தார்கள். குரல் உடைந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த மாடியறையில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், தெருவில் வாசித்தார், போர்போரா என்ற கிழட்டு இத்தாலிய ஆசிரியருக்குச் செருப்புத் துடைத்தார். அந்த ஆசிரியரின் மாணவர்கள் பாடும்போது கூட வாசித்தார். இசையமைப்பின் அடிப்படையை அந்த மனிதரிடம்தான் கற்றேன் என்று பிற்பாடு ஹைடனே சொன்னார். எஸ்டர்ஹாசி பிரபுவிடம் வேலை கிடைத்தது 1761இல். பாடற்குழுவை விட்டுப் பன்னிரண்டு வருஷம்.

நீங்களும் ஹைடன் ஆவீர்கள் என்று சொல்ல வரவில்லை. செருப்புத் துடைத்த வீட்டிலேயே பாட்டும் நடந்தது, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். உங்கள் வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பாட்டு நடக்கிறதா?

இனி நான் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். வாத்தியார் வேலைக்கு வந்த புதிதில் ஆறு வருஷம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. பள்ளிக்கூடம் என் எழுத்தைத் தின்றுவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று தினமும் தள்ளிப்போட்டேன். ஐந்து வகுப்புக்குக் கத்திவிட்டு வந்தவனுக்கு மாலையில் ஒரு சொல்லும் மிஞ்சாது. விடிகாலை நாலரை மணிக்கு எழுத உட்கார்ந்த பிறகுதான் மறுபடி எழுத்து வந்தது.

உங்களுக்கு இது இன்னும் கடுமையானது. நான் பேனாவை வகுப்பில் செலவழிக்கவில்லை, நீங்கள் குரலையே செலவழிக்கிறீர்கள். குளிர்காற்றில், டிராம் சத்தத்துக்கு மேலே ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் உரக்கப் பேசினால் எந்தத் தொண்டையும் தாங்காது. கையடக்க மைக் வாங்குங்கள், அடுத்த சம்பளத்திலேயே. சாதகத்தை வேலைக்கு முன்னால் முடியுங்கள், பின்னால் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் குழுவே எடுக்காதீர்கள், பணம் குறையட்டும். ஜனவரி, பிப்ரவரியில் கூட்டம் குறையும்போது குரல் தேர்வுகளுக்குத் தயாராகுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை 'அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்தான் எனக்கு வலித்தது. எலத்தகிரியிலும் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைதானே பாடினீர்கள்?

திரும்பி வருவதா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். ஒளித்து வைத்திருக்கிற வரைக்கும் உங்களுக்கு எதுவும் சரியாகத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் இல்லாத கச்சேரியை இருக்கிறது என்று சொல்வதுதான் உங்களைத் தின்கிறது, வேலை இல்லை.

அப்பாவிடம் சொல்லுங்கள். சும்மா போனில் சொன்னால் மூன்று ஏக்கரும் நடுவில் வந்து நிற்கும், கோபம் வரும். வரட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் மாங்காய் வியாபாரியைத் தோப்புக்குள் கூட்டிப்போய், இது பெங்களூரா, இது செந்தூரா, இந்த மரம் போன வருஷம் காய்க்கவில்லை என்று மரம் மரமாகக் காட்டியிருப்பார் அவர். ஓர் இடத்தை இன்னொருவருக்குக் காட்டுவது என்ன வேலை என்று அவருக்குத் தெரியும்.

கோடையில் அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே பத்தரை. தோப்பிலிருந்து சாப்பிட வந்திருப்பார். வீடியோவில் கூப்பிட்டு, மிகேலர் சதுக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஆசாரி மகன் கதையைத் தமிழில் சொல்லுங்கள். இத்தனை நாளில் அதை ஒருமுறைகூடத் தமிழில் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து